செவ்வாய்க் கதையின் பின்பாதி

புத்தகத்தைக் கிழிப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பாலக்காட்டில் என் புத்தகக் கடைக்குக் கௌலத்தும் அவள் தங்கை மும்தாஜும் வந்திருந்தார்கள். புதிதாகக் கல்யாணமான மும்தாஜ் அன்றுதான் கணவன் ஊரான பீர்மேட்டுக்குப் புறப்படுகிறாள்.

“செவ்வாய்க் கிரகத்துக்குப் போற கதை. எடுத்தா வைக்க மனசு வராது,” என்று ஒரு நாவலைக் காட்டினேன். “கெட்டி அட்டைப் பதிப்பா வாங்குங்க, ரொம்ப நாள் உழைக்கும்.”

“அதைக் கிழிக்க முடியாதுங்களே. மலிவுப் பதிப்பே குடுங்க,” என்றாள் கௌலத். வாங்கிய கையோடு நடுவில் இரண்டாகக் கிழித்தாள். எனக்குப் பகீரென்றது.

முன்பாதியைத் தங்கையிடம் நீட்டினாள். “முடிவு எங்கிட்ட இருக்கு. பெருநாளைக்கு வந்து படிச்சுக்க.”

மும்தாஜ் அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் இரண்டு பாதிக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டுக் கொடுத்தேன்.