குடல் அறை

ஆபீசில் எனக்குக் குடல் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் நான் சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரிக்குத் திடீரென்று போன் வரும். எதிரில் இருப்பவருக்கு உடனே ஏதோ ஓர் அவசர வேலை ஞாபகம் வரும். பதினோரு வருடமாக மீன் வயிற்றைக் கீறி, குடலை உருவி, சதையைக் கரைக்கிற காரக் கரைசலில் ஊறப்போட்டு, கரையாமல் மிஞ்சுகிற பிளாஸ்டிக்கை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அந்த ஜாடியின் மூடியைத் திறக்கும்போது வருகிற நாற்றத்தை எப்படிச் சொல்வது? வெயிலில் கிடந்த ஈரச் சாக்கில் யாரோ சோப்பைக் கரைத்து ஊற்றியது போல. இல்லை, அதைவிட மோசம். விடுங்கள்.

என் அறை நடையின் கடைசியில், ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் நடுவில்தான் கொடுத்தார்கள். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மனுக் கொடுத்து என்னைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

எங்கள் ஆய்வகத் தலைவருக்கும் ஒரு பெயர் உண்டு, சுத்தம் சார். சட்டைப் பையில் கை கழுவும் திரவம், இடது கையில் எப்போதும் ஒரு காகிதத் துண்டு. கதவுப் பிடியை வெறும் கையால் தொட மாட்டார். என் ரிஜிஸ்டரைக் கொண்டுபோய் வைத்தால் பேனா முனையால் பக்கத்தைப் புரட்டுவார். தலைவராக வந்த நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட என் அறைக்குள் கால் வைத்ததில்லை. ஆய்வகக் கதவில், "செயற்கை நூல் உடை அணிந்து உள்ளே வரக்கூடாது. பருத்தி மட்டும்" என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். கீழே அவர் கையெழுத்து.

ஊர் எல்லையில் ஒரு ஏரி. வடகரையில் செயற்கை நூலில் போர்வையும் ஸ்வெட்டரும் செய்கிற மில். அதன் கழிவுக் குழாய் நேரே ஏரியில்தான் விழுகிறது. தென்கரையில் புதிதாக ஒரு பம்பு நிலையம் கட்டி, பக்கத்துக் குடியிருப்புக்குக் குழாய் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை குடிநீர்க் கமிட்டி கூடும். ஏரித் தண்ணீரில் பிளாஸ்டிக் நூல் இல்லை என்று எங்கள் அறிக்கை சொன்னால் அன்று சாயங்காலமே பம்பு ஓடும். இருக்கிறது என்று சொன்னால், மில் வடிகட்டி போடுகிற வரைக்கும் ஓடாது. அந்தக் குடியிருப்பின் முதல் தெருவில், நாலாவது மாடியில், என் தங்கச்சி இருக்கிறாள். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு மகள்.

எண்ணுகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. தண்ணீர் வேலை மட்டும் என் அறையில் இல்லை, நடுவில் இருக்கிற பொது ஆய்வகத்தில். தண்ணீரை வெள்ளைத் தாளில் வடிகட்டி, தாளை மைக்ராஸ்கோப்பில் வைத்து நூல்களை எண்ணுவோம். ஆனால் அறையின் தூசியிலும் நூல் இருக்கும். அதனால் அதே நாள், அதே மேஜையில், சுத்தமான தண்ணீரையும் அதே மாதிரி வடிகட்டி எண்ணுவோம். அதற்குப் பெயர் பிளாங்க். பிளாங்கில் எத்தனை வருகிறதோ அத்தனையை ஏரிக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். எப்போதும் ஒன்றோ இரண்டோதான் வரும்.

திங்கட்கிழமை ஏரித் தண்ணீரில் முப்பத்தெட்டு நூல் இருந்தது. பிளாங்கில் முப்பத்தாறு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினேன். முப்பத்தாறேதான். எல்லாம் நீலம், கண்ணிமை முடியில் பத்தில் ஒரு பங்கு நீளம். ஏரியில் இருந்ததும் அதே நீலம். பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்கிற மெஷினில் இரண்டையும் வைத்தேன். ஒரே சரக்கு. அட கருமமே என்று வாய்விட்டுக் கத்தினேன்.

பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினேன். இரண்டு மாதம் முன்புவரை பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். போன மாதத்திலிருந்து, மற்றவர்கள் எண்ணி எழுதியதில், இருபத்தொன்பது, முப்பத்துமூன்று. அந்தப் பொது ஆய்வகத்தில் என்ன புதிதாக வந்தது? திரைச்சீலை பழசு, துடைப்பம் பழசு, நானும் பழசு. திரும்பிப் பார்த்தேன். சுத்தம் சார் சரிபார்க்க உட்காருகிற நாற்காலி முதுகில் ஒரு நீல ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பஞ்சுபஞ்சாக, குட்டி நாயின் முதுகு மாதிரி. ஒட்டுநாடா ஒன்றைக் கிழித்து அதன் மேல் ஒற்றி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நாடா முழுக்க நீலம். தினமும் இதைப் போட்டுக்கொண்டுதான் இந்த மனிதர் என் தாள்களின் மேல் குனிந்து குனிந்து சரிபார்த்திருக்கிறார்.

அவர் காகிதத் துண்டால் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"சார், இந்த ஸ்வெட்டர் எங்க வாங்கினீங்க?"

"வாங்கலம்மா. மில்லுக்கு இன்ஸ்பெக்‌ஷன் போனப்ப எல்லாருக்கும் ஒண்ணு குடுத்தாங்க. ஏசி எனக்கு ஒத்துக்கறதில்ல. நல்லாருக்குல்ல? பழைய பிளாஸ்டிக் பாட்டில உருக்கிச் செய்யறாங்களாம்."

நான் மைக்ராஸ்கோப்பைக் காட்டினேன். முதலில் ஒட்டுநாடா, அப்புறம் பிளாங்க், அப்புறம் ஏரி. அவர் மூன்றையும் பார்த்தார். பையிலிருந்து திரவத்தை எடுத்துக் கையில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் யாருக்கும் விலைபோனவன் இல்லம்மா. முப்பது வருஷ சர்வீஸ்ல எவன்கிட்டயும் ஒரு டீகூட வாங்கிக் குடிச்சதில்ல."

நம்பினேன். அதுதான் எனக்கு இன்னும் குமட்டியது. லஞ்சம் வாங்கியிருந்தால்கூட ஒரு திருட்டுப்பயல் என்று திட்டிவிட்டுப் போயிருப்பேன். சும்மா கொடுத்தார்கள், கதகதப்பாக இருந்தது, தன் கையெழுத்துப் போட்ட அறிவிப்பைத் தாண்டி நடந்து வந்து மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான்!

"சரி சார். பிளாங்க் கெட்டுப்போச்சு, காரணம் இதுன்னு ரிஜிஸ்டர்ல எழுதிடலாம்."

"எழுதினா? மறுபடியும் தண்ணி எடுக்கணும். மில்லுக்கு ஏழு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். அவங்க கழிவுக் குழாய மூடி வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. அப்ப மட்டும் உனக்கு என்ன கிடைக்கப்போகுது?"

அதுவும் உண்மைதான். இந்த முறை நோட்டீஸ் தபாலில் எங்கேயோ தொலைந்து போனதால்தான் குழாய் திறந்திருக்கும்போது எங்களால் தண்ணீர் எடுக்க முடிந்தது.

"அப்ப என்ன செய்யறது?"

"விதி என்ன சொல்லுது? கழிக்கணும். முப்பத்தெட்டுல முப்பத்தாறு போனா ரெண்டு. ரெண்டுன்னா இல்லன்னு எழுதலாம். நான் உன்னப் பொய் எழுதச் சொல்லலியே. கழிக்கத்தான சொல்றேன்."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேற யாரையாவது எண்ணச் சொல்றேன். அதே தாளு, அதே எண்ணிக்கைதான் வரும்" என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரை எடுத்து மடித்துக் கையில் போட்டுக்கொண்டு போனார். மடித்தபோது எத்தனை நூல் பறந்ததோ. சீ.

சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு முறைதான் வரும். நாலு மாடிக்கும் இரண்டு கையிலும் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறி ஏறி அவளுக்கு இடுப்பு போய்விட்டது. சமையலறையில் புதுக் குழாய் பளபளவென்று இருந்தது. குழந்தை ஸ்டூலில் ஏறி நின்று அதைத் திருகுவதும் மூடுவதுமாக இருந்தாள்.

"வருமா பெரீம்மா?" என்றாள் குழந்தை.

"வெள்ளிக்கிழம வரும்டா கண்ணு, பெரீம்மாதான் விடப்போறா" என்றாள் தங்கச்சி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "உன் கையெழுத்துதான் பாக்கின்னு தெருவே பேசுது. போட்டியா?"

"அதுல நூல் இருக்குடி. பிளாஸ்டிக்கு. மில்லு கழுவி விடறது."

"கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன? காய்ச்சி வடிகட்டிக் குடிச்சுக்கறோம். நீ வந்து ஒரு நாள் இந்தக் கேனத் தூக்கிப் பாருக்கா, அப்புறம் நூலு பேசு."

எனக்குச் சுருக்கென்றது. அவள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். குடலைப் பிடுங்கி ஒரு பாலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். "தூ, இந்த நாத்தத்துல நாள் பூரா எப்படித்தான் இருக்கியோ. எவன் வருவான் உன் ரூமுக்கு?" என்றாள்.

எவனும் வரமாட்டான். அதுதானே! நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஏரியில் தண்ணீர் எடுத்த அதே நாளில், அதே இடத்தில், வலை போட்டு இருபது மீன் பிடித்திருந்தோம். வருடக் கடைசி அறிக்கைக்காக முழுசாக அலுமினியத் தாளில் சுற்றி என் ஃப்ரீசரில் கிடந்தன. அந்த அறைக்குள் சுத்தம் சார் வந்ததில்லை, அவருடைய ஸ்வெட்டரும் வந்ததில்லை. அந்தக் கட்டடத்திலேயே சுத்தமான இடம் என் குடல் அறைதான்.

செவ்வாய் காலையில் இருபது மீனையும் வெட்டினேன். குடலெல்லாம் ஜாடியில் போட்டு, காரம் ஊற்றி, இரண்டு நாள் இளஞ்சூட்டில் வைத்தேன். கூடவே மூன்று ஜாடியில் வெறும் கரைசல், அதுதான் பிளாங்க். வியாழக்கிழமை மூடியைத் திறந்தபோது நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கேயே வடிகட்டி, என் மைக்ராஸ்கோப்பிலேயே எண்ணினேன். பிளாங்க் ஒன்றில் பூஜ்யம், இன்னொன்றில் பூஜ்யம், மூன்றாவதில் என் கோட்டுப் பருத்தி நூல் ஒன்று. மீன்களில் நீல நூல் மொத்தம் நூற்று முப்பது. ஒரு கெண்டையின் குடலில் நூல்கள் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு சின்ன உருண்டையாகவே இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குத் தங்கச்சி முடிச்சுப் போட்ட பைதான் ஞாபகம் வந்தது.

எண்ணியதை இரண்டாவது ஆள் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அது விதி. நேரே அவர் அறைக்குப் போனேன்.

"கமிட்டி படிவத்துல நாலாவது கட்டம் மீன் சார். எப்பவும் 'ஆய்வில் உள்ளது'ன்னு எழுதுவோம். இந்தத் தடவ நம்பர் இருக்கு. வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"இங்க கொண்டு வாயேன்."

"இங்க வெச்சுத் தட்டு மூடியத் திறந்தா உங்க நூல் விழுந்துடும் சார். நீங்கதான் வரணும். வரலன்னா, வர மறுத்தார், காரணம் நாத்தம்னு ரிஜிஸ்டர்ல எழுதிடுவேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு வெறுப்பு. எனக்கு மட்டும் குறைச்சலா என்ன? நானும் பதிலுக்குப் பார்த்தேன்.

என் கதவு வரைக்கும் வந்தார். முகம் வெளுத்திருந்தது. உள்ளே ஒரு கால் வைக்கப் போனார், நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"கழட்டுங்க."

"என்னம்மா?"

"ஸ்வெட்டர சார். கதவுல ஒட்டின உங்க நோட்டீஸ்தான்."

கழற்றிக் கதவுப் பிடியில் மாட்டினார், வெறும் கையால். உள்ளே பருத்திச் சட்டை. இரண்டு அடி வைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு தொட்டிக்கு ஓடினார். மதியம் சாப்பிட்டதெல்லாம் வந்துவிட்டது. நான் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

பிளாங்க் மூன்றையும் பார்த்தார். அப்புறம் மீன்கள், ஒவ்வொன்றாக. ஒரு மணி நேரம் ஆனது. பதினான்காவது தாளில் நிறுத்தினார்.

"என்ன எழுதியிருக்க?"

"ஆறு."

"ஏழு. தோலுக்கு அடியில ஒண்ணு இருக்கு பாரு."

குனிந்து பார்த்தேன். கரையாமல் மிஞ்சிய தோல் துணுக்குக்கு அடியில் நீலமாக ஒரு முனை தெரிந்தது. ஏழுதான். என் கண்ணுக்கு அகப்படாதது இவர் கண்ணுக்கு அகப்பட்டிருக்கிறது. இவ்வளவு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு இந்த மனிதர் தன் தோளை ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா என்று பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த மீன யாராவது சாப்பிடறாங்களா?" என்றார்.

"மார்க்கெட்ல பாதி இதான் சார்."

பேனாவை எடுத்தார். நூற்று முப்பத்தொன்று என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். தண்ணீர்க் கட்டத்தில் ஏற்கெனவே வேறு ஆளை வைத்து எழுதியிருந்த இரண்டை அடித்துவிட்டு, 'பிளாங்க் செல்லாது' என்று எழுதினார். ஏன் செல்லாது என்று எழுதவில்லை. கேட்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் எழுந்து வெளியே போய், கதவுப் பிடியிலிருந்து அந்த ஸ்வெட்டரை எடுத்துத் திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

"குளிருதும்மா" என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை கமிட்டி பம்பைத் திறக்கவில்லை. மில் வடிகட்டி போட ஆறு மாதம் அவகாசம் கேட்டது, கொடுத்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு என் தங்கச்சி நாலு மாடி ஏற வேண்டும். போன் செய்தேன், அவள் எடுக்கவில்லை.

சனிக்கிழமை லாரி வருகிற நேரத்துக்கு அவள் தெருவுக்குப் போனேன். வரிசையில் ஒருவரும் என்னிடம் பேசவில்லை. தங்கச்சி இரண்டு கேனையும் நிரப்பி மூடிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் உடையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"குடுடி, நான் தூக்கறேன்" என்று கேனின் பிடியில் கை வைத்தேன்.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாத. உன் கை நாறுது."

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தேன். முகர்ந்து பார்த்தேன். நாறத்தான் செய்தது. தங்கச்சி இரண்டு கேனையும் தூக்கிக்கொண்டு, இடுப்பு ஒரு பக்கம் சாய, மாடிப்படி ஏறினாள். குழந்தை திரும்பிப் பார்த்துக்கொண்டே அவள் பின்னால் போனது. நாலு மாடியும் அவர்கள் ஏறி முடிக்கிற வரைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் கீழேயே நின்றேன்.