தகரத்துக்கு அடியில் குடியிருப்பவர்

மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் கடிகாரக்காரரால் இருக்க முடியாது. கடையில் அது பிழைப்பு; வீட்டிலோ தொல்லை. அடுப்பிலிருக்கும் சோற்றுப் பானையை வேகுமுன் பலமுறை திறப்பார். ஒருமுறை தேனீப் பெட்டி வாங்கி வைத்தார். தேன் சேர்கிறதா என்று நித்தமும் திறந்து பார்த்ததில் தேனீக்கள் குடும்பத்தோடு வேறிடம் தேடிப் போய்விட்டன. பிறகு புகைப்படக் கலை பயின்றார். படம் விழுந்திருக்கிறதா என்று கேமராவின் முதுகைத் திறந்ததில் சுருள் முழுவதும் பாழாயிற்று. விதைத்த அவரையைத் தோண்டிப் பார்த்த கதையை அவர் மனைவி வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாக அடுக்குபவள். நாள் முழுவதும் ஒட்டிய உறைகளைக் கையாண்டும், உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவளுக்கு இப்படி ஒரு கணவர்!

இந்த வீட்டில்தான், ஒரு நாள் காலை, பின்சுவரோரம் பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது. கடிகாரக்காரர் அதைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கண் இருந்த இடத்தில், கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடி போலவே, வட்டமாக ஒரு சின்னஞ்சிறு மூடி! கண்ணாடியைக்கூடச் சட்டையோடு சேர்த்துக் கழற்றிப் போட்டுப் புதிது மாட்டிக்கொள்ளும் அந்தப் பிராணியை உயிரோடு பார்த்தே தீர்வது என்று அப்போதே முடிவு கட்டினார்.

அவரிடம் கடிகாரம் பழுது பார்க்க வரும் பல் மருத்துவர் ஒருவர், விடுமுறை நாட்களில் பாம்பு, பல்லி, ஓணான் தேடிப் போகிறவர். அவர் அடிப்படை விதிகளைச் சொல்லிக் கொடுத்தார். பூட்ஸ் போடாமல் போகக்கூடாது, நீண்ட கொக்கிக் கம்பியால் அல்லாமல் எதையும் தொடக்கூடாது, புரட்டிய கல்லை இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்.

"வெயில் படுற இடத்துல, புல்லோரமா ஒரு பழைய தகரத்தைப் போடுங்க. போட்டுட்டு மறந்துடுங்க. கதகதப்புக்குத் தானா ஏதாவது வந்து சேரும்."

"எப்பப்ப தூக்கிப் பார்க்கலாம் சார்?"

"அதான் சொல்றேனே, மறந்துடுங்கன்னு. உங்க வீட்டுக் கூரையை ஒருத்தன் தினமும் தூக்கிப் பார்த்தா நீங்க அங்க குடியிருப்பீங்களா?"

கடிகாரக்காரர் தலையாட்டினார். கொல்லைப்புறத்தில் தகரத்தையும் போட்டார். மறப்பதுதான் ஆகவில்லை. பல் துலக்கும்போது ஒரு தரம், கடைக்குக் கிளம்பும்போது ஒரு தரம், சாப்பிட வரும்போது ஒரு தரம் என்று கொக்கியால் தூக்கித் தூக்கிப் பார்த்தார். மிருகங்கள் பேசுகிற காலமாக இருந்திருந்தால், அக்கம்பக்கத்துப் பாம்புகளெல்லாம் கூடி, 'அந்த வீடு வேண்டாம், வீட்டுக்காரர் சரியில்லை' என்று தீர்மானம் போட்டிருக்கும்.

விடிந்தும் விடியாமலும் தகரம் எழுப்பிய சத்தத்தில் ஒரு நாள் மனைவியின் பொறுமை கழன்று விழுந்தது. தம்பியை வரவழைத்து, உடைந்த சிமென்ட் தொட்டி ஒன்றைத் தூக்கித் தகரத்தின் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டாள். இடுப்பு வலிக்காரரான கடிகாரக்காரரால் அதை அசைக்கவோ தகரத்தைத் தூக்கவோ முடியவில்லை.

"வெளியில எங்க வேணா தேடுங்க. காலங்காத்தால தூங்க விடுங்க."

வெளியில் தேடியும் வாரங்கள் ஓடின. பார்த்ததெல்லாம் ஓணான்களின் வால் மட்டும். அதுவும் புதருக்குள் மறைகிற கணத்தில். மனைவி கடைசியாகக் கெடு வைத்தாள்.

"தேனீ போச்சு, கேமரா போச்சு, இதுவாவது நிக்குமான்னு பார்க்கிறேன். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள உயிரோட ஒரு பாம்பு, நீங்க பார்க்கணும். இல்லைன்னா தகரம் பழைய இரும்புக்காரருக்கு, பூட்ஸ் என் தம்பிக்கு, ஞாயித்துக்கிழமை எனக்கு."

பூட்ஸ் போவதில் அவருக்கு வருத்தமில்லை. விருந்தாளிகளுக்குச் சொல்லும் பட்டியலில் தேனீக்கும் அவரைக்கும் அடுத்தபடியாகப் பாம்பும் சேருமே என்பதுதான் அவரை அரித்தது.

அந்த ஞாயிறன்று துணைக்கு வந்தவன் மச்சான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயம் வந்தால் இல்லாத பிரேக்கை வலது காலால் ஓங்கி மிதிப்பான், நடக்கும்போதும் அப்படித்தான். கைவிடப்பட்ட செங்கல் சூளைக்குள் அவன் நுழைந்ததுமே பூமி அதிர்ந்தது.

"மெதுவா நடடா. தரை அதிர்ந்தா அதுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டுமே அத்தான். ஹாரன் அடிக்காம வளைவுல திரும்பக்கூடாது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

"நாம பார்க்க வந்திருக்கோம், விரட்ட இல்ல."

"ஐயோ பாம்பு! அத்தான், பாம்பு!"

வலது கால் தரையில் இடித்தது. கடிகாரக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருங்கினார். சைக்கிள் டயரின் கிழிந்த ட்யூப் செங்கற்களுக்கிடையே சாவகாசமாகச் சுருண்டு கிடந்தது.

"நான் பார்த்தப்ப அசைஞ்சுது," என்றான் மச்சான், சற்றும் கூச்சமில்லாமல். பிறகு, "இந்த பூட்ஸ் என் காலுக்குச் சரியா இருக்கும்ல?" என்றும் கேட்டான்.

கடிகாரக்காரர் அடுத்த செங்கல்லைப் புரட்டினார். பல்லைக் கடித்த சத்தம் அவருக்கே கேட்டது.

வெயில் ஏறியபின் வெறுங்கையோடு திரும்பினார்கள். வாசலில் நின்ற மனைவி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "டேய், அந்தத் தொட்டியை நகர்த்து. இரும்புக்காரர் நாளைக்குக் காலையில வர்றார்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மச்சான் தொட்டியைப் புரட்டித் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய், அக்காவிடம் ட்யூப் கதையையும் சொன்னான்.

கடிகாரக்காரர் தனியாக நின்றார். எடுத்து ஓரமாக வைக்கத்தானே என்று சலிப்போடு கொக்கியை எட்டிப் போட்டு, தகரத்தின் எதிர்ப்பக்க விளிம்பைத் தன் பக்கமாகத் தூக்கினார். அப்படித் தூக்கினால் உள்ளே இருப்பதற்கும் தனக்கும் நடுவே தகரம் நிற்கும் என்பது மருத்துவர் சொன்ன பாடம். மேல்விளிம்புக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

புல் நசுங்கிய மண்ணில், எண்ணெய் போட்டுத் துடைத்த பித்தளைச் சங்கிலி மாதிரி ஒன்று வளைந்து கிடந்தது. தலை மெல்ல உயர்ந்தது. கண்ணின் மேல் புத்தம் புதுக் கண்ணாடி, கீறல் ஒன்றுகூட இல்லாமல். நாக்கு ஒருமுறை வெளிவந்து காற்றைத் தொட்டுவிட்டு உள்ளே போனது.

தன் வாழ்நாளில் எந்த மூடியையும் அவ்வளவு மெதுவாக அவர் மூடியதில்லை.

"இருக்கு," என்றார், அடுக்களை வாசலில் போய் நின்று.

"என்ன இருக்கு?"

"தகரத்துக்கு அடியில."

மனைவி கரண்டியை வைத்துவிட்டுக் கொல்லைக்கு வந்தாள். பின்னால் மச்சானும் வந்தான். "எங்க, தூக்குங்க பார்ப்போம்," என்றாள்.

"இப்ப வேணாம். மறுபடி தூக்கினா போயிடும். இப்பதான் சட்டை உரிச்சிருக்கு."

"அப்படின்னா நான் எப்படி நம்புறது? ட்யூபைப் பார்த்துப் பாம்புன்னு சொல்லிட்டு வந்த ஆளுங்கதானே ரெண்டு பேரும்?"

"அது அவன் சொன்னது!"

"அத்தான், நான் தூக்குறேன். ஒரே செகண்ட்," என்று மச்சான் கொக்கிக்குக் கை நீட்டினான்.

கடிகாரக்காரர் கொக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "தகரத்தை இரும்புக்காரருக்குப் போடணும்னா போடு. ஆனா பொழுது சாயட்டும், அது வெளியில கிளம்பினதும் எடுத்துக்கோ. பூட்ஸையும் அவனுக்குக் கொடு. ஞாயித்துக்கிழமையையும் நீயே வெச்சுக்கோ. இப்ப யாரும் தூக்கக்கூடாது, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுத் தகரத்துக்கும் அவர்களுக்கும் நடுவே, எரிக்கும் வெயிலில், அசையாமல் நின்றார். மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். தகரத்தைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"டேய் தம்பி," என்றாள் மெதுவாக, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுஷன் ஒரு மூடியைத் திறக்காம நின்னு நான் பார்த்ததில்ல. உள்ள பாம்பு இருக்கு. சத்தியமா இருக்கு. பிரேக்கை மிதிக்காம உள்ள வா."

"அப்ப பூட்ஸ்?"

"உனக்கெதுக்குடா பூட்ஸ்? கார்ல உட்கார்ந்து போறவன்தானே நீ!"

ஆண்கள் இருவரும் உள்ளே போனபின், இரும்புக்காரருக்கு எடுத்துக் கொடுக்க வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவள் கொல்லையைச் சுற்றிப் பார்த்தாள். வெறுமையாகிப்போன தேனீப் பெட்டியின் தகர மூடி கண்ணில் பட்டது. அதை எடுத்துத் தட்டித் தூசி போக்கிக்கொண்டிருந்தபோது, அடுக்களைக்குள் பாத்திர மூடி ஒன்று கணீரென்று விழுந்தது.

"ஏங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள். "சோறு இன்னும் வேகலைங்க!"