நாலாவது வீட்டின் குழாய்

எகிப்தின் தமன்ஹூர் நகரில் எரிவாயுக் குழாய் பதிக்கும் குழுவுக்கு முன்னால் நடப்பது என் வேலை. தரைக்கடியில் கழிவுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்துப் பச்சைக் கோடு போட்டு, தாளிலும் குறித்துக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் பள்ளம் வெட்டும் பகீத் கடப்பாரையைத் தூக்கலாம்.

நீளமான கம்பியின் நுனியில் விரல் பருமனில் ஒரு குமிழ் இருக்கும். அதைக் குழாய்க்குள் தள்ளினால், அது போகிற இடத்துக்கு நேர் மேலே என் கைப்பெட்டி கூவும்.

அந்தச் சந்தில் மூன்று வீடுகளில், கம்பியை உள்ளே விடுவதற்கான ஆய்வுத் தொட்டிகள் கிடைத்துவிட்டன. நாலாவது வீட்டில் தஃபீதா கதவை ஒரு சாண்தான் திறந்தாள்.

"தொட்டியா? எங்க வீட்டுல கிடையாது."

"தொட்டி இல்லாத வீடு ஏதுக்கா?"

"இந்த மஞ்சச் சட்டைய எனக்குத் தெரியும். போன மாசம் ஒருத்தன் அடுத்த தெருவுல நாடா வச்சு அளந்துட்டுப் போனான். மறுநாளே இடிக்கிற வண்டி வந்துச்சு."

எனக்கும் சந்தேகம்தான். அவள் தோளுக்குப் பின்னால் ஒரு கட்டில் காலும் புதுத் தரையும் தெரிந்தன. கீழ்வீட்டுக்காரர்கள் நடுமுற்றத்துக்குக் கூரை போட்டு அறையாக்கி, தொட்டி மூடியின் மேலேயே ஓடு பதித்துவிடுவது எங்கள் ஊரில் நடப்பதுதான். அனுமதி மட்டும் இருக்காது.

"மறைக்கிறா," என்றான் பகீத். "நேரா ஓடுதுன்னு வச்சுக்கிட்டு வெட்டிருவோம். உன் பெட்டி கூவுறதுக்குள்ள என் பேரனுக்குக் கல்யாணமே ஆயிரும்."

"உடைஞ்சா?"

"அவ வீட்டுக்குள்ளதான் பொங்கும்."

உள்ளே யாரோ இருமினார். தஃபீதாவின் முகம் வாடியது.

"எங்க வீட்டுக்காரர். எந்திரிச்சு நடக்க மாட்டாரு," என்றாள். உடனே, "அதுக்காக உன்ன உள்ள விட்டுருவேன்னு நெனைக்காத!"

"நான் வரலக்கா. கக்கூஸ் வழியா நீங்களே இந்தக் கம்பிய விடுங்க. நான் தெருவுலயே நிக்கிறேன்."

"உன் கண்ணு உள்ள வராதா?"

"என் கண்ணு தரையிலதான் இருக்கும். அதுக்குத்தானே சம்பளம்!"

கம்பியை வாங்கிக்கொண்டு கதவைத் தாழிட்டாள்.

"போச்சு," என்றான் பகீத். "நேரா பழைய இரும்புக் கடைதான்."

வெகுநேரம் சத்தமே இல்லை. இறைவன் மன்னிக்கட்டும், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு பெட்டி கூவியது. வாசலிலிருந்து நேராக வந்த சத்தம், இடப்பக்கம் வளைந்து, பகீத்தின் காலடியில் நின்றது. ஆழம் இரண்டு சாண்.

பகீத் கடப்பாரையைக் கீழே வைத்தான். கைக்கரண்டியால் மெல்லச் சுரண்டினான். பழைய மண்குழாயின் முதுகு தெரிந்தது. பள்ளத்தை எதிர்ச்சுவர் ஓரமாக மாற்றினோம்.

கம்பி திரும்பி வந்தபோது சோப்பு மணத்தது. சுத்தமான துணியில் சுற்றியிருந்தாள். பன்னிரண்டு வருடத்தில் யாரும் அதைக் கழுவித் தந்ததில்லை.

"அந்தத் தாள்ல என்ன எழுதின, தம்பி?"

"தெருவுல குழாய் எங்க போகுது, எவ்வளவு ஆழம். யாரு எங்க படுக்கறாங்கன்னு இதுல கேக்கல."

அவள் கதவை முழுதாகத் திறந்தாள்.

"தொட்டி இருக்கு. அவரு கட்டிலுக்குக் கீழ. நாளைக்கு அடைச்சுக்கிட்டா மாடிவீட்டுக்காரங்க எங்கன்னு தேடுவாங்க? வந்து பாரு."

அந்நிய ஆண் உள்ளே வருவதை வீட்டாருக்கு அறிவிக்கும் வழக்கப்படி "யா சாத்திர்" என்று குரல் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி நுழைந்தேன். பச்சைச் சாயக்கட்டியை அவளிடமே தந்தேன். குனிந்து, கட்டிலடியில் ஓர் ஓட்டின் மேல் சிறு வட்டம் போட்டாள்.

"இடிக்கப் போறாங்களா?" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

"இல்லீங்க," என்றாள் தஃபீதா. "டீ குடிக்கப் போறாங்க."