தலையில்லாமல் வந்த மீன்

தலையை வெட்டிய மீனைக் காட்டினால் அது என்ன மீன் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களா? ஜெர்லின் சொல்லிவிடுவாள். அயோத்தியாப்பட்டணத்தில் அப்பா மார்ட்டினின் மீன்கடையில் பத்து வயதிலிருந்து செதில் உரசிய கை அவளுடையது.

கிணற்றில் நீச்சல் பழகியவள், கடலுக்கடியில் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போகும் வேலைக்காக அந்தமானில் பதினைந்து நாள் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தாள். இருந்தது ஒரே ஓர் இடம். கடைசித் தேர்வு சனிக்கிழமை மதியம், வீட்டிலிருந்தே செல்போனில். தவறினால் மீன் வெட்டும் கட்டையோடுதான் ஆயுசு என்று அவளுக்குத் தெரியும்.

பயிற்சி கொடுத்த உஷாராணி மீன் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, பாரை, கிளிமீன், களவா எல்லாம் ஜெர்லின் பட்டுப்பட்டென்று சொன்னாள். கடைசியாக வந்தது பயிற்சியின்போது ஜெர்லினே முக்குளித்து எடுத்த வீடியோ. பாறைக்கு மேலே நூறு நூற்றைம்பது மீன்கள், கை நீளத்துக்கு, மினுமினுவென்று வட்டம் சுற்றின. அன்றைக்குத் தண்ணீருக்குள்ளேயே அவளுக்குச் சிரிப்பு வந்தது, நம்ம கடை மீன் இங்கே உயிரோடு திரிகிறதே என்று. தெரிந்த மீன்தானே என்று பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டவும் இல்லை.

"வஞ்சிரம் மேடம்."

உஷாராணி வீடியோவை நிறுத்தி, ஒரு மீனின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"மொகத்தப் பாரும்மா. கீழ்த்தாடை எப்படி நீட்டிக்கிட்டிருக்கு, பல்லு எப்படி இருக்கு. இது ஷீலா மீனு. மத்த மீன வேட்டையாடித் திங்குறது. மின்னுற மோதிரத்தப் பாத்தா கடிக்கக்கூட வரும். இது தெரியாத உன்ன நம்பி நான் எப்படிம்மா ஆளுங்கள எறக்குவேன்?"

இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டதாகச் சாயங்காலமே செய்தி வந்தது.

ஜெர்லின் கடைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைதோறும் வஞ்சிரம் என்று விற்கிறோமே, அது என்ன மீன் என்று அப்பாவைக் கேட்டாள். அந்த மீனை மட்டும் மார்ட்டின் சேலம் மார்க்கெட்டிலேயே தலையை வெட்டிவிட்டுத்தான் கொண்டுவருவார். தலையை ஓட்டல்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

"ஷீலாதான்" என்றார், ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டே. "இந்த ஊர்ல வஞ்சிரம் யாருக்குக் கட்டும்? தலைய எடுத்துட்டா எவனுக்குத் தெரியும்?"

"எனக்கும் தெரியலப்பா."

மார்ட்டின் பெட்டியின் மூடியைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

மறுநாள் காலை பூசை முடிந்து ஆட்கள் கடைக்கு வந்தார்கள். முதலில் வந்த தெரசம்மாள் பலகையில் தலையில்லாமல் கிடந்ததைக் காட்டி, இது என்ன மீன் என்று கேட்டார். ஜெர்லின் வஞ்சிரம் என்று சொல்லி, துண்டு போட்டுக் கொடுத்தாள்.