ஆரஞ்சு நிறப் புட்டி

ஷிப்ட் முடிந்து வாசலில் வரிசை நின்றது. சென்ட் எசென்ஸ் தயாரிக்கும் கம்பெனி. பைகள் ஒவ்வொன்றாகப் பெல்ட்டில் ஏறி எக்ஸ்ரே பெட்டிக்குள் நுழைந்தன. ஸ்கிரீன்முன் இருந்தவள் கண் கொட்டாமல் பார்த்தாள். சாவி, தகரம் என்றால் நீலம். சோறு, துணி, தண்ணீர் எல்லாம் ஆரஞ்சு. எசென்ஸும் ஆரஞ்சுதான். அதனால் எந்தத் திரவமும் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. ஸ்கிரீன் பார்ப்பவளைச் சோதிக்க நிர்வாகமே யார் பையிலாவது புட்டியை ஒளித்து அனுப்பும். அதைக் கோட்டைவிட்ட ஒருத்திக்குப் போன வாரம் வேலை போயிற்று.

துணிப்பை ஒன்று வந்தது. சுருட்டிய துண்டுக்கு நடுவே புட்டி, கழுத்துவரை அடர்ந்த ஆரஞ்சு. அறுந்த கைப்பிடியில் நீல நிறத்தில் ஊக்கு. காலையில் அதைக் குத்திக் கொடுத்ததே அவள்தான். அண்ணியின் பை.

அண்ணன் வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிறான். 'பாவி, இதுக்குத் துணிஞ்சிட்டாளா?' பின்னால் செக்யூரிட்டி ஆபீசரின் பூட்ஸ் சத்தம். பட்டனை அழுத்தினாள். பெல்ட் நின்றது.

"யாரு பை?"

"என்னுது சார்" என்றாள் அண்ணி.

"புட்டில என்ன?"

"பால் சார். எம்புள்ளைக்கு." அண்ணியின் குரல் தரையைப் பார்த்து வந்தது. "சாப்பாட்டு நேரத்துல பாத்ரூம்ல எடுத்தது. வேலை நேரத்துல இல்ல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ அதட்டியதும் அடங்கியது. ஆபீசர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"மெஷின் என்ன சொல்லுது?"

"எல்லாம் ஒரே கலர்தான் சார். ஆனா அண்ணி பொய் சொல்ல மாட்டாங்க."

"ஓ, உன் அண்ணியா?"

அவள் ஸ்கிரீன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மாவுப்பால் குடிச்சா வாந்தி எடுக்குது சார். நாளைக்கு நான் வேலைக்கு வந்துட்டா பகல் முழுக்க அதுக்கு இதுதான்."

"உனக்கு விட்டா நாளைக்கு ஆளுக்கொரு புட்டியோட நிப்பாங்க. கொட்டு."

அண்ணி சாக்கடைக் கம்பியருகே குனிந்து கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை ஆபீசர் நின்று பார்த்தார்.

"மறுபடி உள்ள விடு."

பை திரும்பவும் பெல்ட்டில் ஏறியது. ஸ்கிரீனில் புட்டியின் விளிம்பு மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தது.

"போகலாம்" என்றாள், எல்லோரிடமும் சொல்வதுபோல.

அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் சட்டையின் மார்பில் ஈரம் படர்ந்துகொண்டிருந்தது. பையை அதன்மேல் அணைத்துப் பிடித்தபடி வெளியே போனாள்.