பதினைந்து டிகிரிக்குக் கீழே

என் தங்கை புருஷன், எங்கள் மாப்பிள்ளை, குடிப்பதற்கான காரணத்தை வானம் தினமும் தவறாமல் அனுப்பிவைத்தது. குளிர்ந்தால் உடம்பு சூடேற வேண்டும், வெயிலடித்தால் குளிர வேண்டும். மழை என்றால் மழைக்காகவே. ஈரல் வீங்கிவிட்டது என்று டாக்டர் எச்சரித்ததும், மகள் வீட்டுக்குப் போய்விடுவதாகத் தங்கை பெட்டியைக் கட்டினாள். மாப்பிள்ளை கெஞ்சிக் கூத்தாடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்: பதினைந்து டிகிரிக்குக் கீழே இறங்கும் நாளில் மட்டும் ஒரே ஒரு கிளாஸ். மீறினால் பெட்டி கிளம்பும்.

நடுவர், வானிலை நிலையத்தில் முப்பத்தாறு வருஷம் பாதரசத்தை முறைத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்ட நான். அன்றோடு என் நிம்மதி போயிற்று. பல் தேய்க்குமுன் போன். முப்பத்தொன்று என்பேன். காற்றடிக்கிறதே, அதைக் கழித்தால் எவ்வளவு என்பார். கத்தரிக்காய்க்குக்கூட யாரும் இப்படிப் பேரம் பேசியதில்லை. சோப்பு நுரையோடு ஓடிவந்து நாற்பது தடவையாவது டிகிரி சொல்லியிருப்பேன்.

திடீரென்று போன் நின்றது. தெருவில் தார் உருகி என் செருப்பு ஒன்று அங்கேயே குடியேறிவிட்ட பகலில், தங்கை கூப்பிட்டாள். போனேன். மாப்பிள்ளை தானே ஒரு தெர்மாமீட்டர் வாங்கிப் பால்கனியில் மாட்டியிருந்தார். காட்டியது மூன்று டிகிரி. அதற்கு ஒரு சாக்ஸ் போட்டிருந்தார், சாக்ஸுக்குள் ஐஸ்கட்டி. கீழே தரையில் ஒரு குளமே கட்டியிருந்தது.

உள்ளே அவர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். இன்னும் ஊற்றவில்லை. பெட்டி வாசலில் நின்றது. நான் வாயைத் திறந்தேன். தங்கை முந்திக்கொண்டாள்.

"மூணு டிகிரின்னா மூணுதான் அண்ணா. இந்தக் குளிர்ல மனுஷன் விறைச்சுப் போயிடுவாரு."

ஸ்வெட்டர் வந்தது, கம்பளிக் குல்லா வந்தது, மேலே இரண்டு போர்வை. ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தினாள்.

"குளிரு விட்டா சொல்லுங்க. போர்வையை எடுத்துடறேன். பாட்டிலையும் எடுத்துடறேன்."

நாலாவது நிமிஷம் அவர் மூக்கு நுனியில் ஒரு சொட்டு. பத்தாவது நிமிஷம் அந்த வியர்வையில் படகு விட்டிருக்கலாம். ஒரு பாவமும் அறியாத நானும் கூடவே வெந்தேன். மாப்பிள்ளை பாட்டிலைப் பார்த்தார், வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு பாட்டிலைத் தங்கை பக்கம் மெல்லத் தள்ளினார்.

"லேசா வெயில் ஏறுது."

"எவ்வளவு?"

"முப்பத்தெட்டு இருக்கும்."

தங்கை பெட்டியை உள்ளே எடுத்துப் போனாள். நான் பால்கனிக்குப் போய் சாக்ஸைக் கழற்றிக் காத்திருந்து பார்த்தேன். முப்பத்தொன்பது. அப்போதும் ஒரு டிகிரி குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.