கற்பூரச் சத்தியம்

பிள்ளையார்பாளையத்து நெசவாளிகளுக்குச் சங்கம் என்று ஒன்றை உண்டாக்கியவன் நமச்சிவாயம். வீடு வீடாக ஏறி இறங்கி, வசவு வாங்கி ஆள் சேர்த்தவன். இப்போதோ, பட்டணத்து அச்சாபீஸில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய வேணுகோபாலைச் சுற்றித்தான் கூட்டம். சாமி யாருக்குக் காவல், தலைவிதியை எழுதினது யார், முதலாளி எப்படி முதலாளி ஆனான் என்று அந்தப் பயல் ஆரம்பித்தால் கிழவர்கள்கூட வெற்றிலை மெல்ல மறந்துவிடுகிறார்கள். கூலிச் சண்டைக்கு எதற்கடா தத்துவம் என்று நமச்சிவாயத்துக்கு வயிறு எரிந்தது. இதில் அவன் பெண்டாட்டி கங்கையம்மாள் வேறு, சோறு போட்டுக்கொண்டே, "அந்தப் புள்ள சொல்றது நாயமாத்தான் இருக்குது" என்றாள். அவன் பாதிச் சோற்றில் கை கழுவினான்.

முதலாளி கண்ணாயிரம் கூலியைக் குறைத்தார். தறியை நிறுத்துவதென்று சங்கம் கூடி முடிவு செய்தது. தலைமைக்கு யாரோ வேணுகோபால் பெயரைச் சொல்ல, ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். நமச்சிவாயம் எழுந்தான். யார் தலைவராக வந்தாலும் சரி, கூலி ஏறும்வரை தறியைத் தொடமாட்டோம் என்று முதலில் எல்லோரும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்யட்டும் என்றான். வேணுகோபால் செய்யமாட்டான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"என் வார்த்தை போதும்ணா. நம்பாத ஒண்ணு மேல சத்தியம் பண்ணா அதான் பொய்" என்றான் வேணுகோபால்.

சத்தியத்துக்குப் பின்வாங்குகிறவனை நம்பிப் பிள்ளைகுட்டிகளைப் பட்டினி போடலாமா என்று நமச்சிவாயம் மெதுவாகத்தான் கேட்டான். தூக்கிய கைகள் இறங்கிவிட்டன. வேணுகோபால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். மற்றவர்கள் சத்தியம் செய்தார்கள். நமச்சிவாயம் தலைவனானான், வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான்.

தறிகள் நின்ற மூன்றாம் நாள் கண்ணாயிரம் தனியாகவே தெருவுக்கு வந்தார். சத்தியத்தை மதிக்கிறவர்கள் என்று எல்லோரையும் மெச்சினார்.

"என் பாவு நூலைத் தறியில ஏத்தறப்போ இன்னாபா சொன்னீங்க? பாவு தீர்ற வரைக்கும் தறிய நிறுத்தமாட்டோம்னு. அதுவும் கற்பூரந்தானே? அதானே மொதல்ல பண்ணது?"

உண்மைதான். புதுப் பாவு ஏற்றும்போது முதலாளி கொடுக்கும் கற்பூரத்தைக் கொளுத்தி நெசவாளி அப்படிச் சொல்வது வழக்கம். கூட்டத்தன்று பொறாமை வேகத்தில் நமச்சிவாயத்துக்கு அது நினைவுக்கே வரவில்லை.

எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். வேணுகோபால் இருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று அவனுக்குத் தெரிந்தது. பசிக்குப் பயந்து கொடுத்த வாக்கு சத்தியமாகாது, அது முதலாளி போட்ட கட்டு என்றிருப்பான். அதைச் சொன்னால் ஒருவரும் தறிக்குத் திரும்பமாட்டார்கள். வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் அது வேணுகோபாலின் பேச்சு. சொல்லிவிட்டால் அவன்தான் சரி என்று ஊர் சொல்லும், கங்கையம்மாளும் சொல்லுவாள்.

"முதலாளி சொல்றது நாயந்தான்" என்றான் நமச்சிவாயம்.

பொழுது சாய்வதற்குள் தெருவில் எல்லாத் தறிகளும் குறைந்த கூலிக்கு ஓடின. தலைவனின் தறிதான் முதலில் ஓடியது.